டோக்கன் 11.20-க்கு, பத்திரம் எத்தனை மணிக்கு? ரிஜிஸ்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் குறிக்கும் நேரம் யாரைக் கட்டுகிறது?

திருமயம் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிய வேண்டுமா? அலுவலகப் படியேறும் முன்பே ஒரு வேலை முடிந்திருக்க வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்தில் நாளும் நேரமும் பார்த்து டோக்கன் எடுத்திருக்க வேண்டும். எந்த நாளில் எந்த நேரம் காலி என்று கணினியே காட்டும், கணினியே ஒதுக்கும். "டோக்கன் போட்டாச்சா அண்ணே?" என்பதுதான் இன்றைக்குத் தமிழ்நாட்டில் பத்திர எழுத்தர் கடைகளில் கேட்கும் முதல் கேள்வி.

நல்ல மாற்றம்தான், அதில் சந்தேகமே இல்லை. யாருடைய பத்திரம் முதலில், யாருடையது சாப்பாட்டுக்குப் பிறகு என்பதை ஒரு மனிதர் முடிவு செய்த காலத்தில், அந்த மனிதரைத் தெரிந்தவர்களுக்கு ஒரு வரிசை, தெரியாதவர்களுக்கு ஒரு வரிசை என்று இருந்தது. கணினிக்கு யாரையும் தெரியாது. அதுவே அதன் பெரிய தகுதி.

ஆனால், அரசு அலுவலகத்துடனான சந்திப்பைக் கணினி குறிக்கத் தொடங்கிய பிறகும் ஒரு பழைய பழக்கம் மாறவில்லை. குறிக்கப்பட்ட நேரம் பத்திரம் பதிய வருபவரைக் கட்டுகிறது. அலுவலகத்தைக் கட்டுவதில்லை. திருமயம் போன்ற ஊரில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இங்கே கஷ்டம் வரிசையில் நிற்பதில் இல்லை, ஆட்களை ஒன்று சேர்ப்பதில் இருக்கிறது. அதற்குக் கணினி இதுவரை எந்த உதவியும் செய்யவில்லை.

டோக்கன் எப்படி வருகிறது?

தமிழ்நாடு பதிவுத்துறை 2000-ஆம் ஆண்டிலேயே 'ஸ்டார்' என்ற பெயரில் கணினிக்கு மாறத் தொடங்கியது. 2018 பிப்ரவரியில் 'ஸ்டார் 2.0' வந்தது. அதன் பிறகு ஆவண விவரங்களை இணையத்தில் உள்ளிடுவது, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இணையத்திலேயே கட்டுவது, அப்புறம் அலுவலகத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பது என்று மொத்த வேலையும் திரைக்குப் போனது. குறித்த நாளில் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், சாட்சிகள் எல்லோரும் அசல் ஆவணங்களுடன் வர வேண்டும். புகைப்படம், கைரேகை, கையெழுத்து, சார்பதிவாளரின் கேள்வி, பதிவு. மாநிலத்தில் உள்ள ஏறத்தாழ 580 சார்பதிவாளர் அலுவலகங்களுக்கும் இதே நடைமுறைதான்.

இப்படிப்பட்ட முன்பதிவுகளின் பின்னால் இருப்பது கிளவுட், அதாவது மேகக் கணினி என்ற ஏற்பாடு. பேர்தான் மேகம், விஷயம் தரையில்தான். அலுவலக மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரில் வேலை நடக்காது. தொலைவில் ஒரு தரவு மையத்தில் அடுக்கி வைத்த சர்வர்களில் நடக்கும். கூட்டம் வந்தால் சர்வர்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம், கூட்டம் போனால் குறைக்கலாம். மத்திய அரசு தன் துறைகளுக்காக 'மேகராஜ்' என்ற பெயரில் இப்படியொரு மேகத்தை 2014-இல் தொடங்கியது. கொரோனா தடுப்பூசிக்கு நாடே நேரம் குறித்த கோவின் தளம் அமேசான் நிறுவனத்தின் மேகத்தில் ஓடியது.

நேரம் ஒதுக்கும் வேலைக்கு இந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்தும். சென்னையில் இருப்பவரும் திருமயத்தில் இருப்பவரும் ஒரே நொடியில் ஒரே நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஒருவர் எடுத்த நேரம் அடுத்த நொடியே மற்றவருக்கு மறைந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள். மையமாக ஒரு நாட்காட்டி இருந்தால்தான் இது நடக்கும்.

சர்வரை ஒரு நிமிடத்தில் இரண்டாக்கலாம். சரி, சார்பதிவாளரை?

முகூர்த்த நாளும் 2.6 நிமிடமும்

சாதாரண நாளில் ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்துக்கு 100 டோக்கன், இரண்டு பேர் இருந்தால் 200. சுபமுகூர்த்த நாள் வந்தால் பதிவுத்துறையிடமிருந்து ஓர் அறிவிப்பு வரும்: 100 என்பது 150 ஆகிறது, 200 என்பது 300 ஆகிறது. அதிகம் பத்திரம் பதியும் 100 அலுவலகங்களில் வழக்கமான 12 தட்கல் டோக்கன்களுடன் இன்னும் 4 சேரும். செய்தித்தாள் படிப்பவர்களுக்கு இந்த அறிவிப்பு மனப்பாடமே ஆகியிருக்கும்.

உலகில் எந்த நாட்டில் நேரம் குறிக்கும் மென்பொருள் பஞ்சாங்கத்தைப் பார்த்து வேலை செய்கிறது? கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஆடியில் பத்திரம் பதியத் தயங்குவார்கள், ஆடிப்பெருக்கு அன்று மட்டும் முண்டியடிப்பார்கள், அஷ்டமி நவமியில் அலுவலகம் வெறிச்சோடும், ராகு காலத்து டோக்கனை யாரும் தொட மாட்டார்கள். இது தெரிந்த ஒரு துறை, மக்களின் நாட்காட்டிக்கு ஏற்பத் தன் நாட்காட்டியை வளைக்கிறது. மக்கள் எப்படி வாழ்கிறார்களோ அதற்குக் கணினியைப் பழக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இந்தக் கட்டுரையில் பின்னால் வரும் கோரிக்கைக்கும் இதுவே ஆதாரம்.

ஆனால் கணக்கு ஒன்று உதைக்கிறது. அலுவலகம் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை இயங்குகிறது, சாப்பாட்டுக்கு அரை மணி போகிறது என்று வைத்தால் மிச்சம் 390 நிமிடம். 100 டோக்கனும் நிரம்பினால் ஒரு பத்திரத்துக்கு 3.9 நிமிடம். 150 என்றால் 2.6 நிமிடம். ஓர் ஆளின் ஆயுள் சம்பாத்தியம் கைமாறும் காரியத்துக்கு இரண்டரை நிமிடம்.

அந்த நேரத்துக்குள் அசல் பத்திரத்தைப் பார்க்க வேண்டும், வில்லங்கம் பார்க்க வேண்டும், எழுதிக் கொடுப்பவர் அவர்தானா என்று உறுதி செய்ய வேண்டும், தேய்ந்த ரேகை இயந்திரத்தில் விழவில்லை என்றால் மறுபடி மறுபடி வைக்க வேண்டும், "பணம் பூரா வந்துடுச்சாம்மா? உங்க சம்மதத்தோடதான் எழுதிக் கொடுக்குறீங்களா?" என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விதான் இருப்பதிலேயே முக்கியமானது. மகன் கையைப் பிடித்துக் கூட்டி வந்த ஒரு மூதாட்டி, முன்பின் தெரியாத ஓர் அதிகாரியிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடிய ஒரே இடம் அது. அந்தக் கேள்வியை அவசரமாகக் கேட்டால் கேட்காமல் விடுவதற்குச் சமம்.

கணினியில் 150 என்று மாற்றுவது ஒரு நொடி வேலை. அதனால்தான் அது அடிக்கடி நடக்கிறது. கூடுதல் டோக்கனுக்கு ஏற்றபடி அந்த நாளுக்கு மட்டும் கூடுதல் அலுவலரை அனுப்புவதுதான் கஷ்டமான வேலை. எளிதான பாதியை மட்டும் தானியங்கியாக்கிவிட்டு முழு வேலையும் முடிந்ததாக நினைப்பது அரசுகளுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல, தனியார் ஆஸ்பத்திரிகளின் 'ஆன்லைன் அப்பாயின்ட்மென்ட்'டிலும் இதே கதைதான். ஆனால் ஆஸ்பத்திரி சரியில்லை என்றால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

தட்கல் டோக்கனுக்கு 5,000 ரூபாய். இந்தச் சொல்லை ரயில்வேயிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள், கூடவே அதன் தத்துவத்தையும். அவசரத்துக்கு விலை வைப்பது தவறு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. டோக்கன் இல்லாத காலத்தில் அந்த 5,000 வேறு எங்கோ போயிருக்கும், ரசீதும் இருந்திருக்காது. ஆனால் அவசரம் பணம் உள்ளவருக்கு மட்டும் வருவதில்லையே. மகளின் கல்யாணச் செலவுக்கு அரை ஏக்கரை விற்பவருக்கும், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீட்டை அடமானம் வைப்பவருக்கும் அவசரம்தான். காரணத்தைக் கேட்டு முன்னுரிமை தரும் வழி ஒன்று தட்கலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த வழி ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல, கீழே வருகிறது.

திருமயத்தில் வரிசை பிரச்னையே இல்லை

சென்னைப் புறநகரில் டோக்கன் கிடைப்பது சிரமம். திருமயம் அளவுள்ள ஊரில் சாதாரண நாளில் 100 டோக்கனும் நிரம்புவது அபூர்வமாகத்தான் இருக்கும். அப்படியானால் இங்கே யாருக்கு என்ன கஷ்டம்?

திருமயம் வட்டத்து ஊர்களை நினைத்துப் பார்த்தால் புரியும். ராங்கியம், குழிபிறை, பனையப்பட்டி, விராச்சிலை, ராயவரம் எல்லாம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் நிற்கும் ஊர்கள். ஒரு வாசல், ஒரு முகப்பு, உள்ளே பல புள்ளிகளுக்குப் பங்கு. பங்குக்காரர்களில் ஒருவர் சென்னை, ஒருவர் கோவை, ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் அமெரிக்கா. ஊரில் மிச்சமிருப்பது எண்பது வயது ஆச்சியும் ஒரு சாவிக் கொத்தும். செட்டிநாட்டு வீட்டுக்கு மட்டும் இப்படி என்று இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் திருப்பூரில் குடியேறிய தம்பிகளும் இல்லாத குடும்பம் புதுக்கோட்டை மாவட்டத்தில் குறைவு. மூன்று ஏக்கர் புஞ்சையைப் பாகம் பிரிக்க ஐந்து ஊர்களிலிருந்து ஆள் வர வேண்டும்.

இவர்களுக்கு 11.20-க்கு டோக்கன் கிடைப்பது பிரச்னை இல்லை. 11.20-க்கு ஏழு பேரும் திருமயத்தில் இருப்பதுதான் பிரச்னை. ஒருவருக்கு லீவு இல்லை, ஒருவருக்கு விமான டிக்கெட் இல்லை, ஒருவருக்கு இன்னொருவருடன் பேச்சுவார்த்தையே இல்லை. கூட்டத்துக்கு நேரம் குறிப்பது என்றால் இதுதான். கணினி செய்வது அலுவலகத்தின் காலி நேரத்தைக் காட்டும் வேலையை மட்டும். ஏழு பேரின் காலி நேரத்தைப் பொருத்தும் வேலையை இன்றும் செய்வது யார்? குடும்பத்தில் பொறுமைசாலியான ஒரு பெரியப்பா, அல்லது பத்திர எழுத்தர்.

"எல்லாரும் ஒரே நாள்ல வந்துருங்க, அப்பத்தான் வேலை சுளுவா முடியும்" என்பதுதான் வழக்கமான அறிவுரை. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். சொல்லவில்லை.

1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவைப் பார்க்கலாம். எழுதிக் கொடுப்பவர்கள் பதிவு அலுவலர் முன் ஆஜராக வேண்டும் என்கிறது முதல் உட்பிரிவு. எல்லோரும் ஒரே நேரத்திலும் வரலாம், வெவ்வேறு நேரத்திலும் வரலாம் என்கிறது இரண்டாவது உட்பிரிவு. ஆவணம் எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாத அவகாசத்தை 23-ஆவது பிரிவு தருகிறது. தவிர்க்க முடியாத காரணத்தால் ஒருவர் அதற்குள் ஆஜராக முடியாவிட்டால், அபராதத்துடன் இன்னும் நான்கு மாதம் வரை பதிவாளர் அனுமதிக்கலாம். கையெழுத்து வெவ்வேறு நாளில் போடப்பட்டிருந்தால், ஒவ்வொரு கையெழுத்துக்கும் தனித்தனியாக அவகாசம் உண்டு என்கிறது 24-ஆவது பிரிவு. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ அத்தாட்சி பெற்ற அதிகாரப் பத்திரம், அதாவது 'பவர்', கொடுத்து வேறொருவரை அனுப்ப 33-ஆவது பிரிவு வழி செய்கிறது.

அந்த எண்பது வயது ஆச்சிக்கு? அவருக்கும் இருக்கிறது. உடல்நலிவால் வர முடியாதவரின் வீட்டுக்குப் பதிவு அலுவலர் தானே போய்ப் பார்க்க வேண்டும் அல்லது விசாரிக்க ஓர் ஆணையரை அனுப்ப வேண்டும் என்கிறது 38-ஆவது பிரிவு. தகுந்த காரணம் காட்டினால் அலுவலர் வீட்டுக்கே வந்து ஆவணத்தை ஏற்கலாம் என்கிறது 31-ஆவது பிரிவு. மேலே சொன்ன 'காரணத்தைக் கேட்டு முன்னுரிமை' என்ற கொள்கையின் வேர் இதுதான். மாட்டு வண்டி ஓடிய காலத்தில், வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், 1908-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதர்களின் சிக்கலான வாழ்க்கைக்கு இத்தனை கதவு வைத்திருக்க, 2018-ஆம் ஆண்டு மென்பொருள் பெரும்பாலானவர்களுக்குக் காட்டுவது ஒரே கதவை: ஒரு நாள், ஒரு நேரம். சட்டத்தில் இடம் இருந்தும் அது யாருக்கும் தெரியாமல் போனால் இருந்தும் இல்லாத மாதிரிதான். முகூர்த்த நாளுக்காக வளைந்த கணினி, சிங்கப்பூர்த் தம்பிக்காகவும் ராங்கியத்து ஆச்சிக்காகவும் வளையலாம். டோக்கன் எடுக்கும்போதே 'எத்தனை பேர் ஆஜராக வேண்டும், யார் யார் வேறு நாளில் வருவார்கள், வீட்டுக்கு வந்து பதிய வேண்டியவர் உண்டா' என்று மூன்று கேள்வி கேட்டு, அதற்கேற்ப இரண்டு மூன்று சிறு நேரங்களை ஒதுக்குவது இன்றைய தொழில்நுட்பத்துக்குப் பெரிய விஷயமே அல்ல.

திருமயத்துக்குப் பாகப்பிரிவினை புதிதும் அல்ல. இங்குள்ள மலையைக் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே இருந்த தகராறு 1245-ஆம் ஆண்டில் ஹொய்சாளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் வந்து பேசி முடித்த பிறகுதான் ஓய்ந்தது என்று கல்வெட்டே இருக்கிறது. ஒருவகையில் அது இந்த ஊரின் பழைய பாகப்பத்திரம். அதற்கும் ஒரு பெரிய மனிதர் நேரில் வந்து உட்கார வேண்டியிருந்தது.

கோவின் சொல்லிக் கொடுத்தது

அரசு ஒரு சேவைக்கான சந்திப்பு நேரத்தை முழுக்க முழுக்கத் திரைக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதை இந்தியா 2021-இல் ஒருமுறை பார்த்துவிட்டது. 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குத் தடுப்பூசி போட ஆன்லைன் முன்பதிவு கட்டாயம் என்றார்கள். ஏப்ரல் 28 அன்று பதிவு தொடங்கியது. முதல் நாளே ஒரு கோடிப் பேருக்கு மேல் பதிந்தார்கள். மேகம் தாங்கியது, தடுப்பூசிதான் இல்லை. காலி நேரம் திரையில் தோன்றிய சில நொடிகளில் மறைந்தது.

எப்படி மறைந்தது? சென்னைக்காரர் ஒருவர் உருவாக்கிய டெலிகிராம் எச்சரிக்கை சேவையை லட்சக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள். காலி இடம் வந்ததும் செல்போன் ஒலிக்கும், உடனே பாய வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டதுதான். ஆனால் இணையவேகமும் ஆங்கிலமும் விரல் வேகமும் உள்ளவர்களுக்கு முதலில் ஊசி கிடைத்தது. நகரத்து இளைஞர்கள் ஊசி தேடி கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் காரில் போனார்கள், அந்த கிராமத்துக்காரர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் தொடக்கத்தில் கோவின் தளம் பிராந்திய மொழிகளில் வந்தபோது அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே சேர்த்தார்கள்.

மே 24 அன்று அரசு மையங்களில் நேரில் வந்தவர்களையும் பதிந்துகொள்ள மத்திய அரசு அனுமதித்தது. டிஜிட்டல் தளத்தை மட்டும் நம்பினால் அந்த வசதி இல்லாதவர்கள் விடுபட்டுப் போவார்கள் என்று மே 31 தேதியிட்ட உத்தரவில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஜூன் 21 முதல் எல்லா மையங்களிலும் நேரில் போய்ப் பதியும் வழி திறந்தது. அதாவது, இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மூடிய கவுன்டரை மறுபடி திறக்க வேண்டி வந்தது.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிறது. மக்கள் குறைதீர்க்கும் நாள். முன்பதிவு கிடையாது. திருமயத்திலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் பஸ் ஏறி வந்து, மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். பாதி நாள் வீணாகும், ஒரு நாள் கூலி போகும். ஆனால் 'உனக்கு இன்றைக்கு இடம் இல்லை' என்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. செல்போன் இல்லாதவரும் எழுதத் தெரியாதவரும் உள்ளே போகலாம். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் இரண்டுமே வேண்டும் என்பதுதான் நேர்மையான பதில். டோக்கன் இருக்கட்டும், பக்கத்தில் டோக்கன் போடத் தெரியாதவருக்கு ஒரு மனிதரும் இருக்கட்டும். இப்போது அந்த மனிதரின் வேலையைப் பத்திர எழுத்தர்களும் பிரவுசிங் சென்டர்களும் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். யாரோ ஒருவரைப் பிடித்தால்தான் வேலை நடக்கும் என்ற பழைய நிலையை ஒழிக்க வந்த கணினிக்கே இப்போது ஒருவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

லேட்டானது யார்?

இப்போது முதல் விஷயத்துக்கு வரலாம். 11.20-க்கு டோக்கன் போட்டவர் 10.30-க்கே வந்து நிற்பார். வெளியூர்க்காரர் முந்தைய இரவே வந்து தங்கியிருப்பார். அவர் தரப்பில் நேரம் காப்பாற்றப்படுகிறது. அலுவலகத் தரப்பில்?

'சர்வர் டவுன்' என்ற வார்த்தை இன்று தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. மைய சர்வர் படுத்தால் திருமயம் மட்டும் நிற்காது, 580 அலுவலகமும் சேர்ந்து நிற்கும். மேகத்தின் மறுபக்கம் இதுதான்: எல்லோருக்கும் ஒரே நாட்காட்டி, எல்லோருக்கும் ஒரே இடி. 2024 ஆகஸ்ட் 29 இரவு முதல் செப்டம்பர் 2 காலை வரை பராமரிப்புக்காக பாஸ்போர்ட் சேவா தளம் நாடு முழுவதும் மூடப்பட்டது. ஆகஸ்ட் 30-க்கு நேரம் வாங்கியிருந்தவர்களுக்கெல்லாம் வேறு நாள் தரப்பட்டது. முன்கூட்டியே அறிவித்தார்கள், அதுவரை நல்லது. ஆனால் அந்த ஒரு நாளுக்காக லீவு போட்டவரின் லீவை யார் திருப்பித் தருவது? அலுவலகம் தள்ளிப்போட்டால் அது 'பராமரிப்பு', மனுதாரர் தள்ளிப்போட்டால் அது 'ஆஜராகத் தவறினார்'. ஒரே செயலுக்கு இரண்டு பெயர்.

இதைச் சரிசெய்யும் கருவி ஏற்கெனவே அரசின் கையில் இருக்கிறது. டோக்கன் நேரம் கணினியில் இருக்கிறது. பத்திரம் பதிவான நேரமும் கணினியில் இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிமிடங்களைக் கழித்துப் பார்க்கப் பெரிய மென்பொருளே வேண்டாம். அலுவலகம் வாரியாக, மாதம் வாரியாக அந்தச் சராசரியை வெளியிட்டால் போதும். எங்கே மனிதர்கள் மூன்று மணி நேரம் காத்திருக்கிறார்கள், எங்கே பத்து நிமிடத்தில் முடிகிறது, முகூர்த்த நாளில் 150 டோக்கன் உண்மையில் எத்தனை மணிக்கு முடிகிறது, எந்த அலுவலகத்துக்கு இன்னொரு சார்பதிவாளர் தேவை எல்லாம் தெரிந்துவிடும். ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்று செல்போனில் பார்க்கப் பழகிய மக்களுக்கு, ரிஜிஸ்டர் ஆபீஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று தெரியக்கூடாதா?

ஊழியர்களை மாட்டிவிடும் யோசனையாக இதைப் பார்க்க வேண்டியதில்லை. 2.6 நிமிடத்தில் ஒரு பத்திரம் பதியச் சொல்லப்படும் சார்பதிவாளருக்குத்தான் இந்தக் கணக்கு முதலில் உதவும். ஆள் பற்றாக்குறை என்று அவர் வாயால் சொன்னால் சாக்கு, எண்ணாக வெளியானால் சான்று.

கேட்க வேண்டிய நேரமும் இதுதான். தமிழக அரசு அடுத்த கட்டமாக ரூ.323.45 கோடியில் 'ஸ்டார் 3.0' திட்டத்தை அறிவித்தது. 1908-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக ஆன்லைன் பதிவை மையமாக வைத்த ஒரு வரைவு மசோதாவை மத்திய அரசு 2025 மே மாதம் மக்களின் கருத்துக்காக வெளியிட்டது. பழைய சட்டத்தில் ஆச்சி வீட்டுக்கு அலுவலர் வர வேண்டும் என்று இருப்பது புதிய சட்டத்திலும் மென்பொருளிலும் ஒரு பொத்தானாகவாவது மிஞ்ச வேண்டும். நேரில் வராமலே பதிவு என்பது சிங்கப்பூர்த் தம்பிக்கு வரப்பிரசாதம். ஆனால் மகன் கையைப் பிடித்துக் கூட்டி வரும் மூதாட்டியிடம், மகனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டிய கேள்வியை எந்தத் திரை கேட்கும்?

அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. திருமயம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கடந்த மூன்று மாதங்களில் ஒதுக்கப்பட்ட டோக்கன் நேரங்கள், அந்தந்த ஆவணம் பதிவான நேரங்கள், 31, 38 பிரிவுகளின் கீழ் வீட்டுக்குப் போய்ப் பதிந்த ஆவணங்களின் எண்ணிக்கை என்று பெயர் விவரம் எதுவும் இல்லாமல் மூன்றே வரியில் கேட்கலாம். மனுவை அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலிலேயே அனுப்பலாம், டோக்கன் தேவையில்லை.